அளக்காமல் வைத்த புள்ளி

பாளையங்கோட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஹஸீனா டீச்சர் ஆங்கில வகுப்பு நடத்திவந்தார். மாடிக்குப் பதினெட்டுப் படி. அதில் ஒன்பதாவது படிவரை ஏறி, நின்று யோசித்து, வந்த வழியே இறங்கிப் போன மாணவி ஒருத்தி உண்டு. பெயர் முப்பிடாதி.

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு நாற்பத்து நான்கு. அதனால் இவர் அவளை அக்கா என்பார், அவள் இவரை டீச்சர் என்பாள். இரண்டு பேருக்கும் அதில் மனக்குறை எதுவும் இல்லை.

டீச்சர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியவரே வாயைத் திறக்காவிட்டால் எப்படி என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் முணுமுணுப்பார்கள். ஏதாவது கேட்டால் சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டிருப்பார். இரண்டு நாள் கழித்து ஒரு பயிற்சித்தாளைக் கையில் கொடுப்பார். அதை எழுதி முடிக்கும்போதுதான், அன்றைக்குக் கேட்டதற்கு இதுதான் பதில் என்று நமக்கு உறைக்கும்.

முப்பிடாதி ஒரு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸ். இருபது வருஷமாக அதே வார்டு. நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, காய்ச்சல் பார்த்து, சார்ட்டில் புள்ளி வைத்து முடிப்பதற்குள் அடுத்த ஊசிக்கு நேரமாகிவிடும். நோயாளி ஏதாவது சொல்ல வாயெடுத்தால் "இதோ வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த "இதோ" ஒருநாளும் வந்ததில்லை.

கூடப் படித்த தோழி ஒருத்தி அயர்லாந்தில் இருந்தாள். அங்கே ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று ஃபோனில் சொன்னாள். முப்பிடாதி நம்பாமல் மூன்று முறை திருப்பிக் கேட்டாள். அன்று பிடித்தது ஆசை. ஒரு நோயாளி பேசி முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஓய்வு பெறுவதற்குள் ஒரு வருஷமாவது அப்படி வேலை பார்க்க வேண்டும். ஊர் சுற்றிப் பார்ப்பதெல்லாம் அவள் கணக்கிலேயே இல்லை.

அதற்கு முதலில் ஆங்கிலப் பரீட்சை தேற வேண்டும். தடுப்பதற்கு வீட்டில் ஆளில்லை. கணவர் போ என்று எப்போதோ சொல்லிவிட்டார். மகளும் போங்கம்மா என்றுவிட்டாள். யாராவது குறுக்கே நின்றிருந்தால் அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டாவது போயிருப்பாள். நின்றது அவளேதான்.

முதல் தடவை ஒன்பதாவது படி. வாங்கிய இலக்கணப் புத்தகத்தை அந்த வாரமே பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டாள். இரண்டாவது தடவை வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் வந்தாள், பிறகு நின்றாள். புதிதாக வாங்கிய புத்தகம் பரணுக்குப் போனது. மூன்றாவது தடவை பரீட்சைக்கு அப்ளிகேஷன் நிரப்பினாள், கடைசித் தேதிவரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள். புத்தகம் கட்டிலுக்கு அடியில். நான்காவது தடவை மதுரை வரைக்கும் பஸ் ஏறிப் போய்ப் பரீட்சை நடக்கும் இடத்தின் வாசலைப் பார்த்தாள். உள்ளே போகிறவர்கள் எல்லாம் மகள் வயசு. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். புத்தகம் ஃப்ரிட்ஜ் மேல். ஐந்தாவது தடவை உள்ளே போனாள், மூன்று பேப்பர் எழுதினாள். மத்தியானம் பேச்சுப் பரீட்சை. அவள் பெயரைக் கூப்பிட்டபோது அவள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, எங்கே கிடந்த புத்தகத்தை எப்படித் தூசி தட்டி எடுத்தாள் என்பதை டீச்சரிடம் ஒப்பித்துவிடுவாள். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

தோழி சொல்லிவைத்து, அயர்லாந்தில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இந்த மாதம் முடிவதற்குள் தேறிக் காட்டினால் வேலை, இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. மாதத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பரீட்சை. மதுரையில், சனிக்கிழமை காலையில்.

அந்த வாரம் திங்கட்கிழமை டீச்சர் கரும்பலகையில் ஆறு வார்த்தை எழுதினார். பரீட்சையில் ஒரு கோட்டுப் படம் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்வார்கள். கோடு மேலும் கீழுமாகப் போனால் எல்லாரும் "அப் அண்ட் டவுன்" என்றே எழுதி மதிப்பெண்ணைத் தொலைப்பார்கள். அதற்குத்தான் இந்த ஆறும்.

ஒவ்வொன்றுக்கும் உரியவரை டீச்சர் சொன்னார். ஃப்ளக்சுவேட் தக்காளி விலைக்கு. ஆசிலேட் கடிகாரப் பெண்டுலத்துக்கு. வேவர் காற்றடிக்கிற மெழுகுவத்திச் சுடருக்கும் அழப்போகிறவரின் குரலுக்கும். ஸ்வர்வ் குறுக்கே ஆடு வந்ததும் வெட்டித் திரும்புகிற பஸ்ஸுக்கு. வீர் கடலில் திசை மாறும் காற்றுக்கு. வேசிலேட் போகலாமா வேண்டாமா என்று முடிவுக்கு வராமல் நிற்கிற மனிதருக்கு.

முப்பிடாதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழிலும் எழுதிக்கொண்டாள். கடைசி வார்த்தைக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

"இங்கிலீஷ்காரன் என் சீக்குக்கு இத்தனை பேரு வச்சிருக்கானே டீச்சர். மருந்து ஒண்ணாவது எழுதி வச்சானா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஆடாம நிக்க மனசுக்கு என்ன வார்த்தை டீச்சர்? அதைச் சொல்லிக் கொடுங்க. மத்தது எல்லாம் எனக்குப் பழக்கம்தான்."

டீச்சர் சாக்பீஸை உருட்டினார். பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை பேச்சுப் பயிற்சி. வேலை பார்க்கும் இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்பது தலைப்பு. முப்பிடாதி எழுந்து, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, பதினாலாம் கட்டில் நோயாளிக்கு மூன்று நாளாகச் சாயங்காலம் தொண்ணூற்றொன்பதுதானே இருக்கிறது என்று, ஆறு மணிக்கு வைக்க வேண்டிய புள்ளியை மூன்று மணிக்கே சார்ட்டில் வைத்துவிட்டாள். ஆறு மணிக்கு முப்பிடாதி போய்த் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நூற்று இரண்டு.

அதற்குமேல் ஆங்கிலம் ஓடவில்லை. கோபம் அவளைத் தமிழுக்கு இழுத்து வந்துவிட்டது.

"அளக்காம புள்ளி வைக்காதடீன்னு சொன்னேன் டீச்சர். நேத்து இருந்தது நேத்து. அந்தப் புள்ளி கட்டில்ல படுத்திருக்க மனுசியோடது, ஒன்னோடது கிடையாது. இருபது வருசத்துல ஒரு புள்ளி நான் அப்படி வச்சது இல்ல."

வகுப்பே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது அவள் குரல் ஆடவே இல்லை. அதை அவள் கவனிக்கவில்லை, டீச்சர் கவனித்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டூட்டி முடிந்து நேரே மாடி ஏறி வந்தாள். ஐந்து மணிக்கு மதுரை பஸ். அங்கே நாத்தனார் வீட்டில் தங்கிக் காலையில் பரீட்சைக்குப் போவதாக ஏற்பாடு. ஆனால் கையில் ஊருக்குப் போகிற பை இல்லை. தோளில் எப்போதும் தொங்கும் சின்னப் பைதான் இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். முகத்தையும் பார்த்தார்.

"நான் போகல டீச்சர்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் பொரிந்து தள்ளினாள். திங்கட்கிழமை போகிறேன் என்று முடிவு எடுத்தாளாம். செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று தோன்றியதாம். நேற்று ராத்திரி துணியை எல்லாம் பையில் அடுக்கினாளாம், காலையில் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாளாம். இப்படி ஆடுகிறவளை நம்பி அந்த ஊரில் ஆறு உயிரை எப்படி ஒப்படைப்பார்கள். ஒரு முடிவில் உறுதியாக நிற்கத் தெரியாதவளுக்கு எதற்கு இந்த ஆசை. இத்தனையும் சொல்லிவிட்டு, டீச்சரிடம் சொல்லாமல் போகக் கூடாது என்றுதான் வந்ததாகச் சொன்னாள்.

"சரிக்கா. கடைசியா ஒரு பயிற்சி எழுதிட்டுப் போங்க."

டீச்சர் மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். கட்டம் போட்ட தாள். அதில் பென்சிலால் ஒரு கோடு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஐந்து உச்சி, ஐந்து பள்ளம். என்ன, எவ்வளவு, எந்த வருஷம் என்று ஓர் எழுத்தும் கிடையாது. இருபது நிமிஷம், நூற்றைம்பது வார்த்தை என்று சொல்லிவிட்டு டீச்சர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

போகாத பரீட்சைக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்டிருக்கலாம். முப்பிடாதி கேட்கவில்லை. தாளைக் கையில் கொடுத்தால் எழுதுகிற பழக்கம் மூன்று வருஷத்தில் வந்துவிட்டிருந்தது.

எழுதினாள். முதலில் கொஞ்சம் ஏறியது, பிறகு அடிவரை விழுந்தது. மீண்டும் ஏறியது, மீண்டும் இறங்கியது. ஆறு வார்த்தையில் நாலைப் போட்டுவிட்டாள். பதினோரு வாக்கியம். கொடுத்தாள்.

டீச்சர் வாசித்தார். தப்பு எதையும் திருத்தவில்லை.

"ஓவர்வியூ எங்கக்கா?"

முப்பிடாதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அவள் விடுகிற அதே ஒரு வாக்கியம். மொத்தத்தில் இந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். திருத்துகிறவர் முதலில் தேடுவது அதைத்தான். அது இல்லாவிட்டால் மற்ற பதினொன்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதி மதிப்பெண் போய்விடும். மூன்று வருஷமாக டீச்சர் இதைச் சொல்கிறார், மூன்று வருஷமாக அவள் மறக்கிறாள். ஏற்ற இறக்கங்களை ஒன்றுவிடாமல் எழுதுவதிலேயே அவள் நேரம் தீர்ந்துபோகும்.

"டாக்டர் ரவுண்ட்ஸ் வாராரு. இந்த சார்ட்டைக் கேக்காரு. இந்தப் பதினோரு வாக்கியத்தையும் படிச்சுக் காட்டுவீங்களா?"

"அதெப்படி டீச்சர், அவருக்கு ஏது நேரம்."

"என்ன சொல்லுவீங்க?"

முப்பிடாதி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்தாள். இப்போது அவள் மாணவி இல்லை, வார்டு நர்ஸ்.

"ஆடுது டாக்டர், ஆனா ஏறிட்டே இருக்குன்னு சொல்லுவேன்."

"எத வச்சு?"

"உச்சிய மட்டும் பாத்தா ஏமாந்துருவோம் டீச்சர். பள்ளத்தைப் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் எதுவரை இறங்குதுன்னு பாக்கணும். இந்தாப் பாருங்க, முதல்ல அடியில போய்த் தட்டிட்டு. அடுத்தது அவ்வளவு இறங்கல. அதுக்கு அடுத்தது அதைவிட மேல. இது முன்ன விழுந்த இடத்துக்குத் திரும்பி விழவே இல்ல."

"அதை எழுதுங்க."

எழுதினாள். ஒரே வரி. எழுதி முடித்த பிறகு தாளை மறுபடி பார்த்து, இது என்ன, தக்காளி விலையா, யாருடைய காய்ச்சலா என்று கேட்டாள்.

டீச்சர் பென்சிலை வாங்கி, ஐந்து பள்ளத்துக்கும் கீழே ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதினார். பழைய பேப்பர்க்காரர். பரண். கட்டிலடி. ஃப்ரிட்ஜ் மேல்.

ஐந்தாவது பள்ளம்தான் எல்லாவற்றிலும் மேலே நின்றது. டீச்சர் அவள் தோளில் தொங்கிய பையைக் கண்ணால் காட்டினார். புத்தகத்தின் முனை அதற்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. போன தடவை மதுரையிலிருந்து ஓடி வந்ததிலிருந்து அதை அவள் பையைவிட்டு வெளியே எடுத்து வைக்கவே இல்லை. ஒன்பதே நாளில் வகுப்புக்கும் திரும்பி வந்திருந்தாள். டீச்சர் எழுதினார்: பை.

பிறகு உச்சிகளுக்கு மேலே எழுதினார். ஒன்பதாம் படி. ஒரு மாதம். அப்ளிகேஷன். வாசல். மூன்று பேப்பர்.

முப்பிடாதி எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தையாட்டம் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். முதலில் வெட்கமாக இருந்தது. மூன்று வருஷத்து மானக்கேடு முழுவதும் ஒரு தாளில் கிடந்தது. பிறகுதான் வேறொன்று உறைத்தது. புத்தகத்தைப் பரணில் போட்டதைச் சொன்னது ஒரு மழை நாளில், கட்டிலடியைச் சொன்னது படியிறங்கும்போது போகிற போக்கில். எல்லாவற்றையும் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பேசி முடிக்கிறவரை கேட்டிருக்கிறார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.



"திங்கக்கிழமை ஒண்ணு கேட்டேனே டீச்சர். ஆடாம நிக்கதுக்கு என்ன வார்த்தைன்னு."

டீச்சர் அதே தாளில், அடிக்கோட்டை ஒட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஸ்கேல் வைத்துத் தட்டையாக ஒரு கோடு இழுத்தார்.

"இது கீழ செருப்புக் கடை வச்சிருக்க மைதீன் பாயோட கோடு. அயர்லாந்துக்குப் போகணும்னு அவர் ஒருநாளும் நினைச்சதே இல்ல. பாருங்க, ஒரு ஆட்டம் இல்ல."

முப்பிடாதிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. மைதீன் பாய் பதினெட்டுப் படி ஏறியே பத்து வருஷம் இருக்கும். இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியதும் பழைய பயம் எங்கும் போகாமல் அங்கேயேதான் இருந்தது. சுவரில் மணி நாலாகப் பத்து நிமிஷம்.

"வெளங்குது டீச்சர். ஆனா என்னைப் பத்தி எனக்குத் தெரியும். நாளைக்கும் பேச்சுப் பரீட்சைக்குப் பேரு கூப்பிடுவாங்க. நானும் எந்திச்சு மாட்டுத்தாவணிக்குத்தான் ஓடுவேன்."

சொல்லிக்கொண்டே டீச்சர் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். ஐந்தாவது பள்ளத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில், பரண் என்று எழுதிய பள்ளத்தைவிடவும் கீழே, அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள்.

"இந்தா, நாளைக்கு இங்கதான் நிக்கும்."

டீச்சர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். சாக்பீஸை உருட்டவில்லை, யோசிக்கவும் இல்லை.

"என்ன சிஸ்டர், அளக்காமலே புள்ளி வைக்கீங்க?"

மூன்று வருஷத்தில் டீச்சர் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முப்பிடாதி தான் வைத்த புள்ளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ரப்பர் இருக்கிறதா என்று மேஜைமேல் தேட ஆரம்பித்தாள்.